ரோனாவின் துப்பாக்கியும் என் காலிப்பரும்

முப்பத்தொரு வருஷம் அடுத்தவன் தராசைச் சோதித்துச் சம்பளம் வாங்கியவன் நான். பெட்ரோல் பங்க், தானியக் கிடங்கு, கறிக்கடை, லாரி எடை மேடை, எதையும் விட்டதில்லை. மொன்டானாவில் எங்கள் பள்ளத்தாக்கு முழுக்க ஆர்லின் ஸ்கார்ஸ்டாட் சொன்னால் அது அளவு. ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. சட்டைப் பையில் எப்போதும் காலிப்பர் இருக்கும். என் மனைவி ஜோலீன் காலையில் பான்கேக் சுட்டுப் போட்டால் அதன் கனத்தை அளந்து சொல்வேன். "அளந்தது போதும், தின்னு தொலை" என்பாள். பாருங்கள், ரோனாவைப் பற்றிச் சொல்ல வந்தவன் என்னைப் பற்றி ஆரம்பித்துவிட்டேன். என் புத்தி அப்படி.

ரோனா க்விஸ்ட் என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவள். அப்பா மரம் ஏற்றும் லாரி ஓட்டினார். பத்தொன்பது வயதில் மர மில்லில் ரம்பம் தீட்டும் வேலைக்குப் போனாள். அங்கேயே லேத் பிடிக்கக் கற்றுக்கொண்டாள். ரம்பத்துக்கு இடது சுண்டு விரலில் பாதியைக் கொடுத்தாள். கல்யாணம் ஒன்று செய்தாள். மாப்பிள்ளை ஒருநாள் மீன் பிடிக்கப் போகிறேன் என்று கிளம்பினான், இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறான். அதைப் பற்றி அவளிடம் யாராவது கேட்டால், "பெரிய மீனா மாட்டியிருக்கும்" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. பேச்சு கம்மி, வேலை சுத்தம். மத்தியானம் லேத் பக்கத்திலேயே நின்றபடி டப்பா மத்தி மீனும் பிஸ்கட்டும் தின்பாள். ரேடியோ மட்டும் நாள் பூரா ஓடும்.

மில்லில் ஆளைக் குறைத்தபோது அவளையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். இவள் சும்மா வரவில்லை, தான் இருபத்து நாலு வருஷம் ஓட்டிய அந்தப் பழைய லேத்தையே விலை பேசி வாங்கிக்கொண்டு வந்தாள். கேரேஜ் வாசலில் நுழையவில்லை என்று கதவு நிலையை ரம்பத்தால் அறுத்தாள். அறுத்த நிலையைத் திருப்பி ஒட்ட இன்றைக்கு வரைக்கும் அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. அங்கே உட்கார்ந்து துப்பாக்கி செய்ய ஆரம்பித்தாள். முதலில் தனக்கு ஒன்று. பிறகு ஊர்த் துப்பாக்கி கிளப்பில் காபி போடும் மார்வுக்கு ஒன்று. முந்நூறு கெஜத்தில் மார்வ் சுட்ட மூன்று ஓட்டையையும் ஒரு காபிக் கோப்பையின் வாயால் மூடிவிடலாம். மார்வ் இதற்கு முன் வீட்டுச் சுவரைக்கூடத் தவறவிட்டவன். ஊரே மிரண்டுவிட்டது.

அந்த வருஷம் எல்க் மான் வேட்டை சீசனுக்கு ஒன்பது பேர் அவளிடம் துப்பாக்கி சொல்லியிருந்தார்கள். பத்தாவது ஆள் நான். என்னுடையதுதான் முதலில் முடிந்தது. ஆகஸ்ட் கடைசியில் வாங்கப் போனேன்.

"நல்லா இருக்கா பார்த்துக்கோ" என்றாள் ரோனா. "இந்த ஒம்பதும் ஒழுங்கா போச்சுன்னா நான் இங்கேயே இருந்துடுவேன்டா. இல்லைன்னா ஐடஹோவுல ஒரு மில்லு கூப்பிடுது. அக்டோபர் ஒண்ணுக்குள்ள பதில் சொல்லணும்."

"ஐடஹோவா? ஆறு மணி நேரம் வண்டி ஓட்டணுமே. உன் வேலைக்கு என்ன குறைச்சல், நீ எங்கேயும் போக மாட்டே" என்று பெரிய மனுஷன் மாதிரி தோளைத் தட்டினேன். தட்டிய கையை இப்போது நினைத்தால் வெட்டிப் போடலாம் போலிருக்கிறது.

துப்பாக்கிக் குழாயின் பின்பக்கம் தோட்டா போய் உட்கார ஓர் அறை உண்டு. அறையை அடைக்கும் பூட்டை மூடினால் தோட்டா ஆடாமல் நிற்க வேண்டும். அதற்கு விடும் இடத்தை நாங்கள் ஹெட்ஸ்பேஸ் என்போம். குறைந்தால் பூட்டு மூடாது. ரொம்பக் கூடினால் தோட்டாவின் பித்தளைக் கூடு கிழிந்து சூட்டுக் காற்று மூஞ்சியில் அடிக்கும். சுட்ட கூட்டை நாங்கள் யாரும் எறிவதில்லை. பொறுக்கி எடுத்து, கழுவி, மறுபடி வெடிமருந்து நிரப்பிச் சுடுவோம். சுடும்போது கூடு ஊதி அறையின் அச்சாகவே ஆகிவிடும். ஆகவே கூட்டை அளந்தால் அறையை அளந்த மாதிரி. என்னைப் போன்ற ஆளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இருபது சுட்டேன். இருபது கூட்டையும் சமையல்கட்டு மேசையில் வரிசையாக நிறுத்தினேன். காலிப்பரின் ஒரு தாடையில் இதற்கென்றே உள்ள ஒரு வளையத்தை மாட்டி, கூடு மேலே குறுகும் இடமான தோளை அதில் பொருத்தி, மறு தாடையை அடிப்பக்கத்தில் அழுத்தி ஒவ்வொன்றாக அளந்தேன். ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. ஒன்று சரி, அடுத்தது அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று கூட, அதற்கடுத்தது ஏழு கூட, அப்புறம் நாலு. ஆயிரத்தில் ஏழு என்றால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் எங்கள் தொழிலில் அது யானை.

எனக்கு வந்ததே ஒரு சந்தோஷம்! அடுத்தவன் தப்பைக் கண்டுபிடித்தால் எனக்கு மட்டும் பசி எடுக்கும். அன்றைக்கு இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

மறுநாள் கூட்டுப் பெட்டியோடு ரோனாவிடம் போனேன். அவள் ஒரு கூட்டை எடுத்தாள். அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினாள். இன்னொன்றை எடுத்தாள், அதையும் தடவினாள். பிறகு துப்பாக்கியை வாங்கி, இரண்டு எஃகு அளவுக்கட்டைகளை ஒவ்வொன்றாக அறைக்குள் போட்டுப் பூட்டை மூடிப் பார்த்தாள். மூட வேண்டிய கட்டைக்கு மூடியது, மூடக் கூடாத கட்டைக்கு மூடவில்லை.

"அறை சரியாத்தான் இருக்கு. நீ வீட்டுக்குப் போய் முதல்லேர்ந்து அள" என்றாள்.

"ரோனா, நான் அளக்கறதைப் பத்தி நீ எனக்குச் சொல்றியா?"

"ஆமா, சொல்றேன். முதல்லேர்ந்து."

"உன் கட்டை தேஞ்சிருக்கும். இந்த மாதிரி ஆயிரம் கட்டை பார்த்தவன் நான்."

அவள் ரேடியோ சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாள். போய்வா என்று அர்த்தம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து மறுபடி அளந்தேன். மூன்று தரம் அளந்தேன். மூன்று தரமும் அதே தப்பை அதே மாதிரி செய்தேன். அந்த விஷயத்தில் எனக்கு நிகர் கிடையாது. பிறகு கோடு போட்ட தாளில், சிவப்பு மை, நீல மை என்று ஒரு அட்டவணை எழுதினேன். 'ரோனா க்விஸ்ட் செய்த துப்பாக்கி, இருபது கூடுகளின் அளவு' என்று தலைப்பு. கீழே கையெழுத்து, அதன் கீழே 'ஓய்வு பெற்ற எடை, அளவு ஆய்வாளர்' என்று வேறு. செப்டம்பர் முதல் வாரம் சனிக்கிழமை, கிளப் அறிவிப்புப் பலகையில் அதைக் குத்தினேன். கிளப்புக்குச் செயலாளரும் நான்தான், யார் என்னைக் கேட்பது?

"ஏழா?" என்றான் மார்வ், காபிக் கெட்டிலோடு வந்து நின்று.

"ஏழு. அதுவும் ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லை. பூட்டு உள்ளே ஆடுதுன்னு அர்த்தம்."

"என்னோடது நல்லாத்தானேப்பா சுடுது?"

"இன்னிக்குச் சுடும். நாளைக்கு மூஞ்சி இருக்குமா பாரு."

மார்வ் தன் மூஞ்சியை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டான். அவ்வளவுதான், ஊர் பூரா பரவ ஒரே நாள் போதுமாயிருந்தது. என் சொந்தத் தம்பி டுவெயின் முதல் ஆளாகப் போய்த் தன் துப்பாக்கி வேண்டாம் என்றான். பத்து நாளில் ஒன்பது பேர் இரண்டு பேர் ஆனார்கள். அந்த இரண்டு பேரும் மலை மேலே விறகு வெட்டப் போயிருந்தார்கள், சேதி எட்டவில்லை.

ரோனா ஒரு வார்த்தை பேசவில்லை. கிளப்புக்கும் வரவில்லை. கடைத் தெருவில் என்னைப் பார்த்தால் தலையை மட்டும் அசைப்பாள். நானும் நியாயவான் மாதிரி வருத்தத்தோடு அசைப்பேன். என்ன செய்ய, அளவு அளவுதானே என்பது போல ஒரு அசைப்பு. கண்ணாடி முன்னால் நின்று பழகிய அசைப்பு அது.

இப்படி மூன்றாவது வாரம் வந்தது. வியாழக்கிழமை காலை என் வீட்டுப் பட்டறையில் உட்கார்ந்து, மறுபடி மருந்து நிரப்ப அந்த இருபது கூட்டையும் தயார் செய்துகொண்டிருந்தேன். கூட்டின் அடிப்பக்க நடுவில் சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு சின்ன மூடி இருக்கும், பிரைமர். ஊசி அதில்தான் அடிக்கும், அது தீயைக் கக்கி மருந்தைப் பற்ற வைக்கும். சுட்ட பிறகு செத்த பிரைமர் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும். கம்பியால் தட்டி வெளியே தள்ளிவிட்டுத்தான் புதிதைப் போட வேண்டும். பத்துக் கூட்டுக்குத் தள்ளியிருந்தேன். கை அரித்தது. காலிப்பரை எடுத்தேன்.

பத்தும் ஒரே அளவு.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். மறுபடி அளந்தேன். ஆயிரத்தில் ஒன்றுகூட வித்தியாசமில்லை. பிரைமர் தள்ளாத மற்ற பத்தை அளந்தேன். மூன்று, ஏழு, நாலு. ஒரு கூட்டின் அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினேன். பிரைமர் ஒரு மயிரிழை வெளியே துருத்திக்கொண்டிருந்தது. இன்னொன்றில் கொஞ்சம் அதிகம். நான் மூன்று வாரமாக அளந்தது கூட்டை அல்ல, செத்த பொத்தானை.

ஏன் துருத்தியது என்று கேட்டால் அதற்கும் காரணம் நான்தான். போன வசந்தத்தில் தோளில் ஆபரேஷன். துப்பாக்கி உதைத்தால் உயிர் போகும். அதனால் மருந்தைக் குறைத்துப் போட்டிருந்தேன். முழு மருந்து என்றால் வெடிக்கும் வேகத்தில் கூடே பின்னால் வந்து பிரைமரை உள்ளே அழுத்திவிடும். அரை மருந்தில் கூடு பின்னால் வராது, பிரைமர் மட்டும் வெளியே வந்தது வந்தபடி நிற்கும். தோள் வலி என்று யாரிடமாவது சொன்னேனா? எல்க் வேட்டைக்காரன் சொல்வானா? அந்த வீறாப்பும் இந்தக் கணக்கில் சேர்த்தி.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது ஜோலீன் என் முகத்தைப் பார்த்தாள். "என்ன, யாராவது செத்துட்டாங்களா?"

சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பிரைமரைத் தட்டிட்டு அளக்கணும்னு எனக்கே தெரியுமே ஆர்லின்! எங்கப்பா தட்டிட்டுத்தானே அளப்பார்!"

"எனக்கும் தெரியும்."

"தெரிஞ்சா ஏன் தட்டலை?"

 ஆயிரம் பேருடைய தராசில் தூசி இருக்கிறதா என்று முதலில் துடைத்துப் பார்த்தவன் நான். என் மேசையில் துடைக்கத் தோன்றவில்லை.

"கிளம்பு. இப்பவே போய் அவகிட்ட சொல்லு" என்றாள் ஜோலீன்.

"சொல்றேன், சொல்றேன். எப்படிச் சொல்றதுன்னு யோசிக்க வேண்டாமா?"

யோசித்தேன். அன்று சாயங்காலம் கடைக்குப் போய்க் காலிப்பருக்குப் புது பேட்டரி வாங்கினேன். பழைய பேட்டரி வீக்காக இருந்தது, அதனால் அளவு மாறிவிட்டது என்று சொல்லிவிடலாம் அல்லவா? ஜோலீன் பேட்டரியைப் பார்த்துவிட்டாள். "அதுக்கு வாய் இல்லைன்னுதானே பழியை அது தலையிலே போடறே?" என்றாள். அன்று ராத்திரி முழுக்க என்னோடு பேசவில்லை.

வெள்ளிக்கிழமை கிளப்புக்குப் போனேன். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அட்டவணையைச் சத்தமில்லாமல் கழற்றிவிடுவது திட்டம். உள்ளே மார்வ் மறுநாள் விசேஷத்துக்கு அடுப்பு துடைத்துக்கொண்டிருந்தான். மறுநாள்தான் சீசனுக்கு முன்னால் ஊரே வந்து துப்பாக்கிக் குறி சரிபார்க்கிற நாள். "என்ன ஆர்லின்?" என்றான். என் கை அட்டவணையின் மேல் இருந்தது. "ஒண்ணுமில்லை, கோணலா இருக்கு" என்று ஊசியைப் பிடுங்கி, நேராக நிமிர்த்தி, இன்னும் அழுத்திக் குத்திவிட்டு வந்தேன். முன்னைவிட நன்றாகத் தெரிந்தது.

அன்று தூக்கம் பிடிக்கவில்லை. சனிக்கிழமை காலை எழுந்ததும், சரி, மானம் போனால் போகட்டும் என்று முடிவு செய்தேன். ஜோலீன் ஒரு பெரிய சட்டி நிறைய மான்கறி சில்லி, எங்கள் ஊர்க் காரக் குழம்பு, செய்து கொடுத்தாள். கிளப்பில் எண்பது பேர் இருப்பார்கள். ஒரு பெஞ்சின் மேல் ஏறினேன்.

"ரோனாவோட துப்பாக்கியிலே ஒரு தப்பும் இல்லை. நான் பிரைமரைத் தட்டாம அளந்துட்டேன்" என்றேன்.

 மார்வ்தான் முதலில் ஆரம்பித்தான். "பிரைமரோடவா? பிரைமரோடவா அளந்தே?" வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அப்புறம் எண்பது பேரும்.

"முப்பத்தொரு வருஷம் கவர்மெண்டு இவனுக்குச் சம்பளம் குடுத்துச்சுப்பா!"

"ஆர்லின், ஜட்டியோட எடை மிஷின்ல ஏறுவியா, இல்லை கோட்டு பூட்ஸோடவா?"

"அண்ணே, உன் பேச்சைக் கேட்டு என் துப்பாக்கியை வேண்டாம்னுட்டேனே, அறிவு இருக்கா உனக்கு?" இது டுவெயின். எல்லாருக்கும் முன்னால்.

சிரிக்கட்டும் என்று நின்றேன். நிஜத்தைச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. எத்தனை பேருக்கு இப்படிப் பெஞ்சில் ஏறி ஒப்புக்கொள்கிற மனசு வரும் என்று நினைத்தேன். திருந்தவில்லை, பார்த்தீர்களா? அட்டவணையைக் கிழித்தேன். அதன் பின்பக்கத்திலேயே, துப்பாக்கி மறுபடி வேண்டும் என்று சொன்னவர்கள் பெயரை எழுதினேன். மலையிலிருந்து இறங்கியிருந்த அந்த இரண்டு பேரையும் சேர்த்து ஒன்பது பேரும் பெயர் கொடுத்தார்கள். அதற்குக் கீழே புதிதாக மூன்று பேர். பன்னிரண்டு பெயர்! தாளையும், மிச்சம் இருந்த சில்லிச் சட்டியையும் எடுத்துக்கொண்டு தலைகால் புரியாமல் ரோனா வீட்டுக்கு வண்டியை விட்டேன்.

கேரேஜில் அவள் கருவிகளை எண்ணெய்த் துணியில் சுற்றி மரப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ரேடியோ ஓடவில்லை.

"ரோனா, தப்பு என்னோடது. பிரைமரைத் தட்டலை."

"தெரியும்."

"தெரியுமா? எப்போலேர்ந்து?"

"நீ பெட்டியைக் கொண்டாந்த அன்னிக்கே. தடவிப் பார்த்தேனே. ஒவ்வொண்ணும் ஒரு மாதிரி துருத்திக்கிட்டு நின்னுச்சு."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"முதல்லேர்ந்து அளன்னு சொன்னேன். அதுக்கு மேல சொன்னா என்ன ஆகும்? நீ சொன்னா அது அளவுடா. நான் சொன்னா அது சாக்கு. அவ வேலையைக் காப்பாத்திக்க என்னமோ சொல்றாம்பாங்க. நீயேதான் கண்டுபிடிக்கணும், நீயேதான் சொல்லணும்னு உட்கார்ந்திருந்தேன்."

சட்டியை ஒரு கையால் அணைத்துக்கொண்டு தாளை நீட்டினேன். பன்னிரண்டு பெயரையும் நிதானமாகப் படித்தாள். பாதிச் சுண்டு விரல் ஒவ்வொரு பெயராகக் கீழே இறங்கியது.

"இனிமே எங்கேயும் போக வேண்டாம் ரோனா. ஐடஹோவுக்கு வேண்டாம்னு சொல்லிடு" என்றேன்.

"நேத்து போன் பண்ணிட்டேன், வரேன்னு. எனக்காக இன்னொருத்தரை வேண்டாம்னு அனுப்பிட்டாங்க. வார்த்தை குடுத்தாச்சு."

"நேத்தா? இன்னும் மூணு நாள் டைம் இருந்துச்சே!"

"மூணு வாரம் பார்த்தேன் ஆர்லின். ஒருத்தரும் வரலை. நாளைக்கு இன்னொருத்தன் காலிப்பரைத் தூக்கிக்கிட்டு வருவான். மறுபடியும் நான் இப்படி வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்திருக்கணுமா? நேத்து சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் பார்த்தேன். அப்புறம் பண்ணிட்டேன்."

 அவள் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தாள். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"எப்போ கண்டுபிடிச்சே?"

இன்றைக்குக் காலையில் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு எப்படித் தெரியும்? வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"வியாழக்கிழமை" என்றேன்.

ரோனா என்னைப் பார்த்தாள். விரலைவிட்டு எண்ண வேண்டிய கணக்கு இல்லை அது. வியாழன், வெள்ளி, சனி.

"இன்னிக்குன்னு பொய் சொல்லியிருக்கலாமேடா" என்றாள்.

"மறுபடியும் தப்பா அளக்கச் சொல்றியா?"

ரோனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தாள். சிரித்துக்கொண்டே லேத்தின் மேல் கையை ஊன்றிக் குனிந்து அழுதாள். நாற்பத்தெட்டு வருஷப் பழக்கத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை. பக்கத்தில் போக வேண்டும் என்று இருந்தது, ஆனால் சில்லிச் சட்டி இரண்டு கையிலும் கனத்தது. மேசை காலியாகத்தான் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றேன்.